தாடையில் ஒரு ரோமம்



இந்த வாரம் நான் எழுதப் போகிற விஷயத்தை வீட்டில் ஆண்பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள் என்றுதான் முதலில் சொல்ல நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒளித்து ஒளித்து வைத்ததினால்தானே இத்தனை அவதியும்? ஆகவே யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தாலும் சரிதான்.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள்.

"மதினி! நீங்க உடனே புறப்பட்டு வரணும். அண்ணனைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

அண்ணன் வேண்டாம் என்றால் பெண்கள் சமாசாரம் என்று அர்த்தம். என் வீட்டுக்காரரிடம், "உங்கள் தங்கைக்கு ஊறுகாய் போட ஒத்தாசை வேண்டுமாம்" என்று சொல்லிவிட்டு மதுரையில் பஸ் ஏறினேன். சிறுமலையைப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்றரை மணி நேரம். மனத்தில் மட்டும் ஆயிரம் கவலை. நாத்தனாருக்கு ஒரே பெண். காலேஜில் கடைசி வருஷம். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், வழக்கமாக, "அத்தை!" என்று ஓடி வந்து பையைப் பிடுங்குகிற பெண், துப்பட்டாவால் மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னடி கண்ணு, வீட்டுக்குள்ளே முக்காடு?" என்றேன்.

பதில் இல்லை. மெதுவாகத் துணியை விலக்கினேன். இரண்டு தாடையிலும், மோவாய்க்குக் கீழேயும், அடுப்புக் கரியால் இழுத்த மாதிரி வரிசை வரிசையாகக் கறுப்புத் தழும்பு! நடுவில் அங்கங்கே அரும்பு மீசை மாதிரி முளைத்திருந்த ரோமம்.

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கதை இதுதான். பெண்ணுக்கு இரண்டு வருஷமாகவே தாடையில் முடி. மஞ்சள் தேய்த்தார்கள், கோரைக் கிழங்குப் பொடி பூசினார்கள், பயற்றம் மாவு போட்டார்கள். இவையெல்லாம் முகத்துக்கு நல்லவைதான். ஆனால் தடித்த முடியின் வேரைச் சாகடிக்கும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. பிறகு நூல் போட்டுப் பிடுங்கினார்கள். பத்து நாளில் மறுபடி முளைத்தது. கடைசியில், "ஆறே தடவை, ஆயுசுக்கும் முடி வராது, கல்யாணப் பெண்களுக்குச் சலுகை" என்று செல்போனில் வந்த விளம்பரத்தை நம்பி, ஓர் அழகு நிலையத்தில் ஆறு தடவைக்கும் முன்பணம் கட்டிவிட்டார்கள். இரண்டாவது தடவையே முகம் இப்படி ஆகிவிட்டது. "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்றார்களாம். அது என்ன கருவி, யார் பிடித்தார்கள், அவர்கள் என்ன படித்தவர்கள் என்று கேட்க இவர்களுக்குத் தோன்றவில்லை.

"இப்போ ஊசி வெச்சுக் கரண்டு கொடுக்கிற வைத்தியம் ஒண்ணு இருக்காமே, அதைச் செய்யலாமா? இல்லை, லேசரையே வேறே இடத்திலே செய்யலாமா? எதுவானாலும் தைக்குள்ளே முடியணும் மதினி! அவர் காதுக்கு விஷயம் போகக் கூடாது" என்றாள் நாத்தனார்.

அவர் என்றால் அவள் புருஷர். திண்டுக்கல்லில் பூட்டுக் கடை வைத்திருக்கிறார்.

"அதெல்லாம் அப்புறம். முதலில் தோல் டாக்டரைப் பார்ப்போம்" என்று மறுநாள் காலையில் இருவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

*

டாக்டர் வீட்டுத் தாழ்வாரத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு திருநங்கை உட்கார்ந்திருந்தார். பட்டுப் போல் முகம். முக்காடு போட்ட எங்கள் பெண்ணைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, லேசரா? சுட்டுட்டாங்களா?" என்று கேட்டார். இவள் திடுக்கிட்டுப் போனாள்.

"பயப்படாதே. எனக்குத் தாடியே இருந்தது. கறுப்பு முடியெல்லாம் லேசரில் போச்சு. மிச்சம் மீதியை ஊசியிலே ஒண்ணொண்ணா எடுத்தாங்க. எல்லாம் முடிய ரெண்டு வருஷத்துக்கு மேலே ஆச்சு. அவசரப்படுறவங்க கிட்டேதான் ஏமாத்துறவங்க வருவாங்க" என்றார்.

இந்த விஷயத்தில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் நமக்கு ஏது? நமக்கு நாலு ரோமம் முளைத்தாலே உலகம் இருண்டு போகிறது. அவர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்னை. தமிழ்நாட்டில் 2008இல் அவர்களுக்கென்று நல வாரியம் ஏற்பட்டது. 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில், அவர்களுக்கான காப்பீட்டில் சேர வேண்டிய சிகிச்சைகளில் லேசரையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். முகத்து ரோமத்தை வெறும் அலங்காரச் சமாசாரம் என்று சட்டமே நினைக்கவில்லை, பாருங்கள்!

டாக்டரம்மா நல்ல மாதிரி. விளக்கைப் போட்டு முகத்தைப் பார்த்தார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி முகத்தைப் பற்றியதே அல்ல.

"மாசா மாசம் ஒழுங்கா தூரமாகிறாயா, அம்மா?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போகிறதாம். நாத்தனாருக்கு அது தெரியும். தெரிந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"முடியைப் பிடுங்குவதற்கு முன்னால், அது ஏன் முளைக்கிறது என்று பார்க்க வேண்டாமா?" என்றார் டாக்டர். பெண்களின் உடம்பிலும் ஆண்மைச் சுரப்பு கொஞ்சம் உண்டு. அது கூடினாலோ, அதற்கு ரோம வேர் அதிகமாக மசிந்தாலோ, பூனை முடியாக இருந்தது தடித்துக் கறுத்துவிடும். இதற்கு மிகச் சாதாரணமான காரணம், இப்போது பல வீடுகளில் அடிபடுகிற பி.ஸி.ஓ.எஸ். என்னும் சினைப்பைக் கோளாறு. சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் 1935இலேயே இதை விவரித்து எழுதினார்கள். மாதவிலக்குத் தவறுவது, முகப்பரு, உடம்பு பருப்பது, தாடையில் முடி, இவை சேர்ந்து வரலாம். சிலருக்கு ஒரு கோளாறும் இல்லாமல் குடும்ப வாகாகவும் முடி வரும். ஆனால் திடீரென்று சில மாதத்துக்குள் முடி மளமளவென்று வளர்ந்து குரலும் தடித்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்; உள்ளே கட்டி ஏதாவது இருக்கக் கூடும்.

"குழந்தை பிறக்காமல் போயிடுமா, டாக்டர்?" என்று நாத்தனார் நடுங்கினாள்.

"யார் சொன்னது? இந்தக் கோளாறு உள்ள எத்தனையோ பேர் தாயாராகியிருக்கிறார்கள். சிலருக்கு வைத்திய உதவி தேவைப்படும். மூடி வைத்தால்தான் முற்றும்" என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

*

அப்புறம் நான் கேட்டேன்: "லேசர் நல்லதா, ஊசி நல்லதா? எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்."

டாக்டர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வகையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

சித்திரை வெயிலில் கறுப்புப் புடைவையையும் வெள்ளைப் புடைவையையும் பக்கத்தில் பக்கத்தில் காயப் போடுங்கள். கறுப்புத்தான் அதிகமாகச் சுடும். லேசரின் சூட்சுமம் இதுதான். 1960இல் அமெரிக்காவில் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். நிறத்தைப் பார்த்து வேண்டிய இடத்தை மட்டும் சுட முடியும் என்ற தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு டாக்டர்கள் 1983இல் விளக்கினார்கள். ஒளி தோலைக் கடந்து போய், முடியில் இருக்கும் கறுப்பில் இறங்கி, சூடாகி, வேரைப் பொசுக்குகிறது. ஒரே வீச்சில் பல முடிகளைத் தாக்குவதால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஆனால் ஒளிக்கு, 'இது முடியின் கறுப்பு, இது தோலின் கறுப்பு' என்ற பேதம் தெரியாது! சிவத்த தோலுக்கு ஏற்ற அளவில் நம் மாநிறத்திலும் கறுப்பிலும் பிடித்தால், முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொள்ளும். எங்கள் பெண்ணின் முகத்தில் நடந்தது அதுதான். நம்மைப் போன்ற நிறத்துக்கு 'என்.டி. யாக்' என்கிற, 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரே பத்திரமானது. அந்த ஒளி மேல் தோலில் அதிகம் தங்காமல் ஆழத்துக்குப் போகும். 810 அளவிலுள்ள டயோடு லேசரையும் பக்குவம் தெரிந்தவர்கள் நிதானமாகப் பயன்படுத்துகிறார்கள். 755 அளவிலுள்ள அலெக்ஸாண்டிரைட் சிவத்த தோலுக்குச் சரி. கறுத்த தோலுக்கு ஆபத்து அதிகம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முகத்திலும் கழுத்திலும் இருக்கும் மெல்லிய பூனை முடியின் மேல் லேசர் பிடித்தால், சில பேருக்கு அது போவதற்குப் பதிலாகத் தடித்து வளர ஆரம்பித்துவிடும். நம் தேசத்துப் பெண்களைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கும், சுரப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது நேர அதிக இடமுண்டு. ஆகவே, 'கன்னத்தில் லேசாகப் பூனை முடி இருக்கிறதே, அதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்' என்று கேட்காதீர்கள்.

ஊசி முறை லேசரைவிட வயசில் மூத்தது. 1875இல் அமெரிக்காவில் ஸெயின்ட் லூயி நகரத்துக் கண் டாக்டர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் திரும்பி வளர்ந்து குத்தும் இமை மயிரை மின்சார ஊசியால் எடுத்ததாக எழுதினார். அதிலிருந்து வந்ததே இது. முடி முளைக்கும் குழிக்குள் மயிரிழை போன்ற ஊசியை நுழைத்து, துளி மின்சாரம் விடுவார்கள். ஒரு வகை மின்சாரம் சூட்டினால் வேரைச் சாகடிக்கும். இன்னொரு வகை, நம் உடம்பிலுள்ள உப்பு நீரையே அந்த இடத்தில் காஸ்டிக் சோடாக் காரமாக மாற்றி வேரைக் கரைக்கும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளின் ஞாபகம் வந்தது. திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியாததா? ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போட்டு, முடி கழன்றதும் வழித்து எடுக்கிறார்களே, அங்கேயும் காரம்தான் வேலை செய்கிறது. கடையில் விற்கும் ரோம நாசினி களிம்புகளும் ஏறக்குறைய அதே ஜாதிதான். ஆனால் களிம்பு தோலுக்கு மேலே தெரியும் முடியை மட்டும் கரைக்கும். ஊசியோ, வேர் இருக்கும் இடத்துக்கே காரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஊசிக்கு நிற பேதம் கிடையாது. தோல் கறுப்போ சிவப்போ, முடி கறுப்போ நரையோ, எல்லாம் ஒன்றுதான். லேசருக்கு நரை முடி கண்ணுக்கே தெரியாது. அமெரிக்க அரசின் மருந்துத் துறை, 'நிரந்தரமாக ரோமத்தை நீக்குவது' என்ற பெயரை ஊசி முறைக்கே கொடுத்திருக்கிறது. லேசருக்கு, 'நிரந்தரமாகக் குறைப்பது' என்றுதான் சொல்ல விடுகிறது. நீக்குவது வேறு, குறைப்பது வேறு. விளம்பரம் படிக்கிறபோது இந்த இரண்டு வார்த்தைகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எல்லோரும் ஊசியே போட்டுக்கொள்ளலாமே என்கிறீர்களா? அங்கேதான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வாரா வாரம் போக வேண்டும். தாடை முழுவதும் என்றால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். வலிக்கும். கை பழகாதவர்கள் குத்தினால் பொருக்குத் தட்டி, கறுத்து, குழி விழும். மேலும், லேசர் கருவி பல ஊர்களுக்கு வந்துவிட்டது. ஊசி முறையை நிதானமாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

"எதுவானாலும் ஒரே தடவையில் ஏன் முடிவதில்லை?" என்று பெண் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் பார்த்திருக்கிறாயா? இன்றைக்கே எல்லா மொட்டையும் பறித்துவிட முடியுமா? நாளைக்கு வேறு மொட்டு வரும். முடியும் அப்படித்தான். சில வேர் வளரும், சில வேர் தூங்கும். வளர்கிற வேரில்தான் சிகிச்சை பலிக்கும்" என்றார் டாக்டர்.

லேசரென்றால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு அல்லது எட்டுத் தடவை. கணக்குப் போட்டால் முக்கால் வருஷம். சுரப்புக் கோளாறு இருந்தால் அதன் பிறகும் அவ்வப்போது ஒரு தடவை. ஐப்பசியில் ஆரம்பித்துத் தைக்குள் முடிப்பதாவது!

*

எங்கள் பெண்ணுக்கு டாக்டர் சொன்ன யோசனை இது: முதலில் கறுப்புத் தழும்பு ஆற வேண்டும். அதற்குச் சில மாதம் ஆகலாம். வெயிலில் போகும்போது முகத்துக்குக் காப்புக் களிம்பு. சினைப்பைக் கோளாறுக்கு மருந்தும், நடையும், சாப்பாட்டில் ஒழுங்கும். மருந்தின் பலன் முடியில் தெரியவே ஆறு மாதம் ஆகும். தழும்பு மறைந்தபின் காதோரம் சின்ன இடத்தில் சோதனை பார்த்து, பிறகு தடித்த கறுப்பு முடிக்கு யாக் லேசர். கடைசியில் லேசருக்கு மசியாமல் நிற்கிற சில்லறை முடிகளுக்கு ஊசி.

"அதுவரைக்கும்?" என்றாள் நாத்தனார்.

"சவரம் செய்துகொள்ளலாம்."

"ஐயையோ! பொம்பளைப் பிள்ளை சவரமா? கட்டை மாதிரி வளருமே!"

டாக்டர் சிரித்தார். சவரத்தினால் முடி தடிப்பதும் இல்லை, பெருகுவதும் இல்லையாம். நுனி வெட்டுப்படுவதால் தடவினால் முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். லேசருக்கு முன்னால் நூல் போட்டோ மெழுகு வைத்தோ பிடுங்கக் கூடாது; வேர் இல்லாவிட்டால் ஒளி எதைச் சுடும்? சவரம் செய்தால் வேர் அப்படியே இருக்கும். ஊசி முறைக்கோ, பிடித்து இழுக்கும் அளவுக்கு முடி வெளியே தெரிய வேண்டும். ஆகவே அதற்குச் சில நாள் முன்பிருந்து சவரத்தை நிறுத்த வேண்டும்.

சகோதரிகளே, நீங்கள் போகிறபோது கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த வகை லேசர், அலைநீளம் எவ்வளவு? கருவியைப் பிடிப்பவர் யார், மேற்பார்க்கும் டாக்டர் உண்டா? சோதனை பார்ப்பார்களா? கண்ணுக்குக் கவசம் கொடுப்பார்களா? ஊசி முறையானால், உங்கள் எதிரிலே புது ஊசியைப் பிரிப்பார்களா? அடுத்தவருக்குக் குத்திய ஊசியில் மஞ்சள் காமாலைக் கிருமி வரலாம். கர்ப்பிணிகள் பிரசவம் ஆகிற வரை தள்ளிப் போடுவது நல்லது. இருதயத்துக்குக் கருவி வைத்திருப்பவர்களும், தழும்பு மேடாகத் தடிக்கிற உடம்புக்காரர்களும், பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புருவத்தையும் கண் ஓரத்தையும் லேசரிடம் காட்டவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு தடவைப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கையில் பணமில்லையே என்று சும்மா இருக்கவும் வேண்டாம். திண்டுக்கல்லிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் காட்டலாம்.

புதுமை என்றாலே பாய்ந்து விழுவதும் ஆபத்து. 1920களில் அமெரிக்காவில், 'வலியே இல்லை' என்று சொல்லி எக்ஸ்-ரேயைப் பாய்ச்சிப் பெண்களின் முகத்து முடியை உதிர வைத்தார்கள். முடி உதிர்ந்தது வாஸ்தவம். பல வருஷம் கழித்து அந்த இடத்தில் புண்ணும் புற்றும் வந்தன. அந்தப் பெண்களையும், 'சீக்கிரம் முடியும்' என்ற வார்த்தைதான் இழுத்திருக்கும்.

*

வீடு திரும்பியதும் நாத்தனார் ஆரம்பித்தாள். "மாப்பிள்ளை வீட்டிலே இதை மூச்சு விடக் கூடாது. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

பெண் துப்பட்டாவை எடுத்துக் கொடியில் போட்டாள். "அப்புறம் நான் மாத்திரையைத் தலையணைக்கு அடியிலே ஒளிச்சு வெச்சுச் சாப்பிடணுமா, அம்மா? விடியறதுக்கு முன்னாலே எழுந்து கதவைச் சாத்திச் சவரம் பண்ணணுமா? என்னாலே ஆகாது. தையிலே வரட்டும். நானே சொல்லிடறேன்."

அந்தச் சமயம் பார்த்து அவள் அப்பா உள்ளே நுழைந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். விஷயம் முழுவதையும் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதையா ரெண்டு வருஷமாப் பூட்டி வெச்சீங்க? நான் விற்கிற பூட்டுக்கூட இத்தனை கெட்டியில்லையே!" என்றார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தையில் என்ன நடக்கிறது என்பதை அப்போது எழுதுகிறேன். சம்பந்தம் முடிந்தாலும் சந்தோஷம். முடியாவிட்டாலும், அந்தப் பெண் துப்பட்டாவை எடுத்துவிட்டுக் காலேஜுக்குப் போகிறாளே, எனக்கு அது போதும்.

கடைசியாக ஒரு வாக்குமூலம். புறப்படும்போது அந்தக் குறும்புக்காரி என் மோவாயை உற்றுப் பார்த்து, "அத்தை, உங்களுக்கும் ரெண்டு இருக்கே!" என்றாள். இருபது வருஷமாக ஸ்நான அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கியால் பிடுங்கி வருகிறேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது; இதைப் படித்தால்தான் தெரியும். அவை நரை ரோமங்கள். லேசருக்குக் கண் தெரியாது. ஆகையால் எனக்கு ஊசிதான்.

அவளுக்கு லேசருக்கு நாள் குறிக்கும்போது எனக்கும் குறித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்தே போகப் போகிறோம். இந்தத் தடவை ஊறுகாய் என்று பொய் சொல்லப் போவதில்லை.